நெல்லுக்கு மட்டுமா ஈரப்பதம்? ஆலையின் அழுத்தக் காற்றுக்கும் உண்டு!

நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டு சென்ற விவசாயி எவருக்கும் ஈரப்பதமானியைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் 17 விழுக்காட்டைத் தாண்டினால், அரசு தளர்வு அளித்திருந்தாலன்றி, நெல்லை மீண்டும் களத்தில் கொட்டிக் காயவைக்க வேண்டியதுதான். நெல்லின் ஈரத்தை இவ்வளவு கண்டிப்பாக அளக்கும் நாம், அந்த நெல் அரிசியானபின் அதைத் தரம் பிரிக்கும் இயந்திரத்துக்குள் செல்லும் காற்றின் ஈரத்தை அளப்பதில்லை. அளக்காததால் வரும் நட்டம் யார் தலையில் விழுகிறது என்பதையும், அதைத் தடுக்கும் வழியையும் இக்கட்டுரையில் காண்போம்.

இன்று விவசாயிகள் பலர் நெல்லை விற்பதோடு நின்றுவிடுவதில்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களாக ஒன்று சேர்ந்து, சொந்தமாக அரவை ஆலை வைத்து, அரிசியைச் சிப்பமிட்டு விற்கிறார்கள். இத்தகைய ஆலைகளில் விலை மிகுந்த இயந்திரங்களுள் ஒன்று, அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம். ஆலைக்காரர்கள் இதைச் 'சார்டெக்ஸ்' என்றே அழைக்கிறார்கள். அரிசி சரிவான தகட்டில் வழிந்து விழும்போது கேமராக்கள் ஒவ்வொரு மணியையும் பார்க்கின்றன. கறுத்த மணியோ, பழுத்த மணியோ, கல்லோ தென்பட்டால், கீழே உள்ள சிறு வால்வு கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகத் திறந்து மூடி, அழுத்தக் காற்றால் அதை மட்டும் ஊதித் தள்ளிவிடும். கேமரா இயந்திரத்தின் கண் என்றால் அழுத்தக் காற்றுதான் அதன் கை. அந்தக் கை ஈரமாக இருந்தால் வேலை கெடும்.

மாசி மாதத்துத் தகராறு

2023-ஆம் ஆண்டு மாசி மாதம் காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஓர் உழவர் நிறுவனத்தின் ஆலையிலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. விடியற்காலை ஓட்டத்தில் மட்டும் இயந்திரம் கறுப்பு மணியோடு நல்ல அரிசியையும் சேர்த்துத் தள்ளுகிறது. வெயில் ஏறியபின் தானாகவே சரியாகிவிடுகிறது என்றார்கள். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்கள். வால்வுகள் சிலவற்றை மாற்றிப் பார்த்தார்கள். குறை தீரவில்லை.

இதற்குள் வேறொரு தகராறு முளைத்துவிட்டது. கழிவு அரிசி கூடியதால், "நெல்லிலேயே பழுப்பு அதிகம்" என்று நிர்வாகக் குழு உறுப்பினர்களின் நெல் விலையில் பிடித்தம் செய்யத் தொடங்கியிருந்தது. அவ்வாண்டு பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில் டெல்டாவில் சம்பா நெல் நனைந்தது எல்லோரும் அறிந்ததே. ஆகவே குழு சொன்னதை மறுத்துப் பேச முடியவில்லை. ஆனால் முதிய உறுப்பினர் ஒருவர் மட்டும், "ஐயா, என் நெல்லு மழைக்கு முந்தியே களமேறிக் காஞ்ச நெல்லு. அதுக்கும் பிடிச்சா எப்படிங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை நெல்லில் இல்லை, காற்றுக் குழாயில் இருந்தது.

காற்றுக்குள் இத்தனை தண்ணீரா?

மார்கழி விடியலில் வைக்கோற்போர் நனைந்திருப்பதைப் பார்க்கிறோம். மழை பெய்யவில்லை, பகலில் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நீராவிதான் குளிர்ச்சியில் துளியாகி விட்டது. காற்றுச் சூடாக இருந்தால் நிறைய நீராவியைத் தாங்கும்; குளிர்ந்தால் தாங்காது. ஒரு கன மீட்டர் இடத்தில் 40 டிகிரி சென்டிகிரேடில் சுமார் 51 கிராம் நீராவி நிற்கும். 30 டிகிரியில் 30 கிராம், 20 டிகிரியில் 17 கிராம், 3 டிகிரியில் 6 கிராம்தான் நிற்கும். எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் நீராவி துளியாகத் தொடங்குமோ, அதுவே அக்காற்றின் பனிநிலை. பனிநிலை தாழத் தாழக் காற்று உலர்ந்தது என்று பொருள்.

கம்ப்ரசர் 7 கிலோ அழுத்தத்தில் எட்டுப் பங்கு காற்றை ஒரு பங்கு இடத்தில் அடைக்கிறது. எட்டு வீட்டு ஆட்களை ஒரே வீட்டில் அடைத்தாற்போல, எட்டுப் பங்கு காற்றின் நீராவியும் அந்த ஒரு பங்கு இடத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. நெருக்கம் தாங்காத மிச்சம் நீராக விழுகிறது. டிராக்டர் டயருக்குக் காற்று பிடிக்கும் கடையில் கம்ப்ரசர் டேங்கின் அடிவால்வைத் திறந்தால் துருநீர் பீறிடுவது இதனால்தான்.

கணக்குப் பார்ப்போம். நிமிடத்துக்கு 100 கன அடி காற்று உறிஞ்சும் கம்ப்ரசர், 30 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரமும் உள்ள நாளில், மணிக்கு ஏறத்தாழ 3.9 லிட்டர் தண்ணீரை ஆவியாக உள்ளே இழுக்கிறது. பத்து மணி நேர ஓட்டத்தில் 39 லிட்டர். அதாவது இரண்டரைக் குடம்! டேங்கில் காற்று 40 டிகிரிக்கு ஆறினால் மணிக்கு 2.8 லிட்டர் அங்கேயே விழுந்துவிடும். மீதி ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான நீர், ஆவியாகவே குழாயில் பயணம் செய்யும். விடியற்காலையில் குழாய் 22 டிகிரிக்குக் குளிர்ந்திருந்தால், அதில் மணிக்கு 600 மில்லி லிட்டருக்கு மேல் குழாய்க்குள்ளேயே நீராகி, நேராக வால்வுக்குப் போய்ச் சேரும்.

நாங்கள் சென்ற ஆலையில் காற்றுக் குழாய் தகரக் கூரையை ஒட்டி நெடுந்தூரம் சென்றது. பகலில் கூரைச் சூட்டில் குழாயும் சுடும். உள்ளே நீராவி ஆவியாகவே கடந்து போகும். விடியலில் கூரை குளிரும். குழாய்க்குள் மழை பெய்யும். அரவை ஆலையில் தவிட்டுத் தூசிக்குப் பஞ்சமில்லை. அந்தத் தூசியும் நீரும் கலந்து பசையாகி வால்வின் வாயில் ஒட்டும். வால்வு ஒரு கணம் தாமதித்து மூடினால், பின்னால் வரும் நல்ல மணிகளும் சேர்ந்து ஊதப்படும். காலையில் மட்டும் கோளாறு வந்ததன் காரணம் இதுதான்.

உலர்த்தி இருந்தும் ஏன் இந்நிலை?

அந்த ஆலையில் காற்று உலர்த்தி இல்லாமல் இல்லை. குளிர்முறை உலர்த்தி ஒன்று இருந்தது. இவ்வகை உலர்த்தி, காற்றை 3 டிகிரி அளவுக்குக் குளிரவைத்து, துளியாகும் நீரைப் பிரித்து வடித்துவிடும். சரியாக வேலை செய்தால், முன்சொன்ன கம்ப்ரசர் தரும் காற்றில் மணிக்கு 130 கிராம் அளவு ஈரமே மிஞ்சும். டெல்டாவில் குழாய் எந்த இரவிலும் 3 டிகிரிக்குக் குளிராது, ஆகவே துளியாகாது.

"உலர்த்தி நன்றாக இருக்கிறது, நாங்கள் அளந்து பார்த்துவிட்டோம்" என்று அதை விற்றவர்களின் பணியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாளில் பனிநிலை 3 டிகிரி என்றே இருந்தது. எனவேதான் காற்றின் மேல் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. சந்தேகம் முழுவதும் நெல்லின் மேல் போயிற்று.

நாங்கள் எங்கள் கருவியை அழுத்தம் குறையாமல் குழாயோடு இணைத்து அளந்தபோது காட்டிய பனிநிலை 36 டிகிரி. அந்தப் பணியாளர் பொய் எழுதவில்லை. காற்றைச் சிறு ரப்பர் குழாய் வழியே வெளியே ஊதவிட்டு, திறந்த காற்றில் கருவியைப் பிடித்திருக்கிறார். 7 கிலோ அழுத்தத்தில் 36 டிகிரி பனிநிலை உள்ள காற்றைத் திறந்துவிட்டால், அது எட்டு மடங்கு விரிந்து, நீராவியின் நெருக்கம் எட்டில் ஒன்றாகி, பனிநிலை 3 டிகிரி என்றே காட்டும். இரண்டு அளவும் ஒரே காற்றின் அளவுதான். ஆனால் வால்வுக்குச் செல்வது திறந்த காற்றல்ல. அழுத்தத்தில் உள்ள காற்று.

இதை ஒவ்வொரு ஆலை நிர்வாகியும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். திறந்த காற்றில் காட்டும் அளவும், 7 கிலோ அழுத்தத்தில் அதற்கு ஈடான அளவும் தோராயமாகக் கீழே தரப்படுகின்றன.

திறந்த காற்றில் மைனஸ் 20 டிகிரி என்றால் அழுத்தத்தில் 4 டிகிரி.
திறந்த காற்றில் மைனஸ் 10 டிகிரி என்றால் அழுத்தத்தில் 18 டிகிரி.
திறந்த காற்றில் 0 டிகிரி என்றால் அழுத்தத்தில் 32 டிகிரி.
திறந்த காற்றில் 3 டிகிரி என்றால் அழுத்தத்தில் 36 டிகிரி.

எனவே யாரேனும் பனிநிலை அளவை எழுதிக் கொடுத்தால், "எந்த அழுத்தத்தில் அளந்தது?" என்று முதலில் கேட்க வேண்டும்.

பனிநிலை உணர்கருவி

பனிநிலையை அளக்கும் முயற்சி புதியதன்று. 1820-இல் இங்கிலாந்தின் ஜான் பிரெடரிக் டேனியல், ஈதரைக் கொண்டு ஒரு கண்ணாடிக் குமிழைக் குளிரவைத்து, அதன்மேல் பனி படியும் கணத்தில் வெப்பமானியைப் பார்த்து அளக்கும் கருவியைச் செய்தார். இன்றும் ஆய்வுக் கூடங்களில் பயன்படும் குளிர்கண்ணாடிக் கருவி இதே தத்துவத்தில் இயங்குவதுதான். இது மிகத் துல்லியமானது. ஆனால் விலை அதிகம், எண்ணெய்ப் படலமும் தூசியும் இதற்கு ஆகா.

ஆலைகளுக்கு ஏற்றது மெல்லேட்டு உணர்கருவி. காற்றின் ஈரத்தை ஒரு மெல்லிய படலம் உறிஞ்சும்போது அதன் மின்தேக்குத் திறன் மாறும். அந்த மாற்றத்தைக் கருவி பனிநிலையாகக் கணித்துக் காட்டும். 1973-இல் பின்லாந்தின் வைசாலா நிறுவனம் வானிலைப் பலூன்களின் பயன்பாட்டுக்கென இத்தகைய ஈரப்பத உணரியைக் கொண்டுவந்தது. அதன் வழிவந்தவை இன்று பல நிறுவனங்களிடம் கிடைக்கின்றன. கடைகளில் 'டியூ பாயிண்ட் மீட்டர்' என்று கேட்க வேண்டும். குளிர்முறை உலர்த்திக்கு மைனஸ் 20 முதல் 50 டிகிரி வரை அளக்கும் கருவி போதும். வேதிப்பொருள் உலர்த்தி வைத்திருப்போர் மைனஸ் 80 டிகிரி வரை அளப்பதை வாங்க வேண்டும்.

அளக்கும் முறை

1. முதலில் உலர்த்தியை அடுத்தும், பின்னர் சார்டெக்ஸ் இயந்திரத்துக்குச் சற்று முன்னரும், ஆக இரண்டு இடங்களில் அளக்க வேண்டும். முதலிடத்தில் நன்றாகவும் இரண்டாமிடத்தில் மோசமாகவும் இருந்தால், இடையில் பழைய நீர் தேங்கியுள்ளது அல்லது கசிவு உள்ளது எனக் கொள்ளலாம்.

2. காற்று மாதிரியைக் குழாயின் மேற்புறத்திலிருந்து எடுக்க வேண்டும். அடிப்புறத்தில் எடுத்தால் துருநீர் வந்து கருவியைக் கெடுக்கும். காற்று ஓட்டமில்லாத முட்டுக் குழாயில் அளப்பது பயன் தராது.

3. உணர்கருவியைச் சிறு எஃகுக் கூட்டில் பொருத்தி, அதன் பின்புறம் ஊசி வால்வு வைத்து, காற்றை மெல்லக் கசியவிட வேண்டும். வால்வு கருவிக்குப் பின்னால் இருத்தல் அவசியம். முன்னால் இருந்தால் அழுத்தம் அங்கேயே இறங்கிவிடும். நாம் மேலே கண்ட தவறு நேரும்.

4. மாதிரிக் காற்றுக்கு ரப்பர், நைலான் குழாய்களைத் தவிர்த்து, துருப்பிடிக்காத எஃகு அல்லது டெஃப்லான் குழாயைப் பயன்படுத்த வேண்டும். உள்ளே அழுத்தம் மிகுந்திருக்க, வெளி ஈரம் எப்படி உள்ளே நுழையும் என்று சிலர் கேட்பர். நீராவி தன் அடர்த்தியைப் பார்த்தே நகரும். காற்றின் மொத்த அழுத்தத்தைப் பார்த்து அன்று. வெளியே ஈரம் மிகுதி, உள்ளே குறைவு என்றால், ரப்பர் சுவரின் ஊடாகவும் தளர்ந்த இணைப்பின் வழியாகவும் அது உள்ளே புகும்.

5. கருவியை இணைத்தவுடன் தெரியும் எண்ணை எழுதிக்கொள்ளக் கூடாது. எண் ஓரிடத்தில் நிலைபெறும்வரை பொறுக்க வேண்டும். குளிர்முறை உலர்த்திக் காற்றில் இது விரைவில் நிலைபெறும். மைனஸ் 40 டிகிரிக் காற்றில் மணிக்கணக்கில் ஆகலாம்.

6. அழுத்தம் இருக்கும்போது கருவியைக் கழற்றக் கூடாது. வால்வை மூடி, அழுத்தத்தை மெல்ல வெளியேற்றிய பிறகே கழற்ற வேண்டும். காற்று வெளியேறும் முனைக்கு நேரே முகத்தை வைக்கக் கூடாது.

7. ஆண்டுக்கு ஒருமுறை, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற கூடத்தில் கருவியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தராசுக்கு முத்திரை எப்படியோ, கருவிக்கு இதுவும் அப்படி.

எவ்வளவு இருக்கலாம்?

குழாய் எந்த அளவுக்குக் குளிரக்கூடுமோ, அதைவிடப் பனிநிலை குறைந்தது 10 டிகிரி தாழ்ந்திருக்க வேண்டும் என்பது நல்ல விதி. சமவெளி ஆலைகளுக்கு 3 முதல் 7 டிகிரி போதுமானது. அழுத்தக் காற்றின் தூய்மைக்கான ஐ.எஸ்.ஓ. 8573 தரத்தில் 3 டிகிரிக்கு மேற்படாதது 4-ஆம் வகுப்பு, 7 டிகிரிக்கு மேற்படாதது 5-ஆம் வகுப்பு, மைனஸ் 40 டிகிரிக்கு மேற்படாதது 2-ஆம் வகுப்பு. இவை யாவும் அழுத்தத்தில் உள்ள பனிநிலையே. நீலகிரித் தேயிலை ஆலைகளில் நிறம் பிரிக்கும் இயந்திரம் வைத்திருப்போர், டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும் இடமாயின், குளிர்முறை உலர்த்தியை மட்டும் நம்பாமல் வேதிப்பொருள் உலர்த்தியை நாட வேண்டும். ஆனால் இவ்வகையில், உட்பொருளை மீண்டும் காயவைக்க உலர்ந்த காற்றில் ஒரு பங்கு செலவாவதால், மின்கட்டணம் கூடும். தேவையின்றி வாங்க வேண்டாம்.

கருவி வாங்குமுன் செய்ய வேண்டியவை

கருவி எதுவும் இல்லாத ஆலைகளும் கீழ்க்கண்டவற்றை நாளை முதலே செய்யலாம்.

டேங்கின் அடிவால்வை ஒவ்வொரு ஓட்டத்திலும் திறந்து நீரை வடிக்க வேண்டும். தானியங்கி வடிப்பான் இருந்தாலும், அது உண்மையில் வடிக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். உலர்த்தியின் வெப்பம் நீக்கும் தகடுகளில் தவிட்டுத் தூசி அடையாமல் வாரம் ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். கம்ப்ரசர் காற்றை உறிஞ்சும் வாய், நெல் அவிக்கும் தொட்டிக்கும் கொதிகலனுக்கும் எட்டத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் ஆவியையே குடித்துக்கொண்டிருக்கும். காற்றுக் குழாயை லேசான சரிவில் அமைத்து, தாழ்ந்த முனையில் வடிவால்வு வைக்க வேண்டும். கிளைக் குழாய்களை மேற்புறத்திலிருந்து வளைத்து இறக்க வேண்டும்.

வெள்ளைத் துணியில் காற்றை ஊதி, துணி நனையவில்லையாதலால் காற்று உலர்ந்தது என்று சிலர் முடிவு செய்கிறார்கள். பகலில் துணி நனையாது. நீர் ஆவியாகவே போய்விடும். துணி நீரைக் காட்டும், நீராவியைக் காட்டாது. அதைக் காட்டுவது உணர்கருவி ஒன்றே.

உலர்த்தி வாங்கும்போது, "7 கிலோ அழுத்தத்தில் பனிநிலை இவ்வளவு" என்று எழுத்தில் பெற வேண்டும். பல உலர்த்திகளின் கொள்ளளவு, உட்புகும் காற்று 35 டிகிரி, சுற்றுப்புறம் 25 டிகிரி என்ற கணக்கில் குறிக்கப்படுகிறது. நம் சித்திரை வெயிலில் ஆலைக்குள் 40 டிகிரியைத் தாண்டும். எனவே நம் வெப்பத்துக்கு அதன் கொள்ளளவு எவ்வளவு குறையும் என்று கேட்டு, அதற்கேற்பப் பெரியதாக வாங்க வேண்டும்.

தகராறு தீர்ந்தது

அந்த ஆலையில் உலர்த்தியைத் திறந்து பார்த்தபோது, தகடுகள் தூசியால் அடைந்து, குளிர்விக்கும் பகுதி குளிராமலே இருந்தது. வடிப்பானும் பசையால் அடைபட்டிருந்தது. கம்ப்ரசரின் வாய் நெல் அவிக்கும் கூடத்தை நோக்கி இருந்தது. தகடுகளைச் சுத்தம் செய்து, வடிப்பானை மாற்றி, உறிஞ்சும் வாயை வடபுறம் திருப்பி, குழாயில் தேங்கிய நீரையெல்லாம் வடித்தார்கள். மூன்றாம் நாள் அழுத்தத்தில் அளந்த பனிநிலை 5 டிகிரி. விடியற்காலை ஓட்டத்திலும் கோளாறு வரவில்லை.

பிறகு நான் ஒரு யோசனை சொன்னேன். முன்பு கழித்து வைத்திருந்த அரிசி மூட்டைகளை இயந்திரத்தில் மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். மழையில் நனைந்த நெல்லின் கழிவில் பழுப்பு மணி உண்மையாகவே மிகுந்திருந்தது. மழைக்கு முன் அறுத்த நெல்லின் கழிவிலோ பெரும்பகுதி நல்ல அரிசி. குழு கூடிப் பேசி, மழைக்கு முந்தைய நெல்லுக்குப் பிடித்த தொகையை உறுப்பினர்களுக்குத் திருப்பித் தந்தது. முதியவர் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது.

தனி ஆலைக்கு ஒரு கருவி வாங்குவது சுமையாகத் தோன்றினால், அருகருகே உள்ள நான்கைந்து உழவர் நிறுவனங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி, மாதம் ஒருமுறை முறைவைத்து அளந்து, ஒரு குறிப்பேட்டில் நாள், இடம், அழுத்தம், பனிநிலை ஆகிய நான்கையும் எழுதி வரலாம். எண் சிறிது சிறிதாக ஏறுவது தெரிந்தால், வால்வு கெடுமுன்னரே உலர்த்தியைக் கவனித்துவிடலாம்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரத்தை நம் கண்ணெதிரே அளக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையை விவசாயிகள் நன்கு அறிவர். சொந்த ஆலையிலும் கழிவு கூடினால், பிடித்தம் செய்யும் முன்பு காற்றையும் அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நெல்லின் குறை எது, காற்றின் குறை எது என்று பிரித்தறிந்தால் ஆலைக்கும் நட்டமில்லை, உழைத்தவருக்கும் நட்டமில்லை.